வாட்ச்சுக்கு எடுத்த ஃபேர் காப்பி

1. கடையில் இருந்தவர்கள்

அன்று டெல்லி கரோல் பாக்கில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடையில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், எங்கள் செக்‌ஷன் ஆபீசர் வெங்கட்ராமன் சார், கடைக்காரரின் தம்பி பம்மி. இல்லாதவர்கள் இரண்டு பேர். கடைக்காரர் குர்மீத் சிங் ஒரு கல்யாணத்துக்காக லூதியானா போயிருந்தார். என் அப்பா சூசை தூத்துக்குடியில் இருந்தார். மேஜைமேல் கிடந்த வாட்ச்சைப் பற்றித் தெரிந்தவர்கள் அந்த இரண்டு பேர்தான். தெரியாத மூன்று பேர் சேர்ந்து அதை என்ன செய்வது என்று முடிவு செய்தோம்.

"ஏம்ப்பா, திங்கக்கிழமை மதிப்புப் போட வேல்யூவர் முன்னாடி வைக்கப்போற சாமான். அதை இப்படியா கொண்டு வைக்கறது? டயல் பூரா டீ கொட்டினாப்போல இருக்கு" என்றார் சார்.

"அங்கிள்ஜி, ஏக்தம் நயா கர் தூங்கா" என்றான் பம்மி. புத்தம் புதிதாக்கித் தருகிறானாம்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமார்களே, முதல் வாரத்திலேயே இதைக் கற்றிருப்பீர்கள். ஃபைலைக் கையாளும் கிளார்க், அதாவது டீலிங் ஹேண்ட், எழுதுவது டிராஃப்ட். அதில் அடித்தல் இருக்கலாம், திருத்தல் இருக்கலாம், மேஜையில் வைத்த டம்ளரின் வளையம்கூட இருக்கலாம். மேலே கையெழுத்துக்குப் போவது ஃபேர் காப்பி. அதில் ஒரு புள்ளி மை சிந்தியிருந்தாலும் திரும்பி வரும். பல வருடம் அப்படியே வேலை பார்த்தவர் சார். இரண்டு வருடத்தில் எனக்கும் அது ரத்தத்தில் ஏறிவிட்டது. சனிக்கிழமை மதியம் கரோல் பாக்கில் நாங்கள் அந்த வாட்ச்சுக்கும் ஒரு ஃபேர் காப்பி எடுத்தோம்.

அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

2. நேவி

அப்பா சங்கு குளிப்பவர். காற்றுக்குழாய், சிலிண்டர் எதுவும் கிடையாது. மூச்சை அடக்கிக்கொண்டு கடலடிக்குப் போய்ச் சங்கு பொறுக்கி மேலே வர வேண்டும். அந்த வேலையில் அவருக்கு இரண்டு காதும் போயின. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பரீட்சை எழுதி, டெல்லியில் ஒரு அமைச்சகத்தில் எல்.டி.சி.யாக, அதாவது கீழ்நிலை கிளார்க்காக, வேலை கிடைத்தது.

ரயில் ஏறும்போது அப்பா தன் கையிலிருந்து வாட்ச்சைக் கழற்றி என் கையில் கட்டினார். "எனக்கு எதுக்குல மணி? மூச்சு முடிஞ்சா மேல வாறேன். நீ ஆபீஸ்காரன், கட்டிக்க" என்றார்.

கனமான வாட்ச். முக்குளிப்பவர்களுக்கென்றே சுவிட்சர்லாந்தில் செய்தது என்பது பிறகுதான் தெரியும். கறுப்பு டயல். எண்களுக்குப் பதிலாக ரேடியம் பூசிய வட்டப் புள்ளிகள், எல்லாம் டீ நிறத்துக்கு வந்திருந்தன. கண்ணாடியைச் சுற்றி ஒரு திருகு வளையம். ஒரு காலத்தில் கறுப்பாக இருந்து, வெளுத்து, மழைக்கு முந்தைய வானத்தின் சாம்பல் நிறமாகியிருந்தது. பட்டை மட்டும் வலை நைலானில் அப்பாவே முடைந்தது. சாவி கொடுக்க வேண்டியதில்லை, கை அசைய அசைய ஓடும். ஒன்றரை நாள் கழற்றி வைத்தால் நின்றுவிடும். அதனால் தினமும் கட்டியே ஆக வேண்டும்.

ஜனக்புரியில் ஒரு மொட்டைமாடி அறையில் தங்கியிருந்தேன். காலை பஸ்ஸில் இடது கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு வருவேன். செக்‌ஷனில் எனக்கு அடுத்த நாற்காலி பாட்டியாஜி, அசிஸ்டென்ட், பஞ்சாபி. முதல் நாளே வாட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைக் கட்டிக்கொண்டு எத்தனை ஆழம் போகலாம்?"

"இருநூறு மீட்டர் என்று போட்டிருக்கிறது ஜி."

"டெல்லியில் அவ்வளவு தண்ணீர் எங்கே இருக்கிறது? யமுனையில் குதித்துப் பார். வாட்ச் தப்பிக்கும், நீ தப்பிக்க மாட்டாய்" என்றார் ஹிந்தியில். அன்றிலிருந்து ஆபீசில் என் பெயர் 'நேவி'. "க்யா நேவி, டீ குடிக்க வருகிறாயா?"

அந்த வளையம் எதற்கு என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. முங்கும்போது வளையத்தில் இருக்கும் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பி வைத்தால், தண்ணீருக்குள் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று பார்த்தவுடன் தெரியும். இதைப் பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் படித்த அன்று எனக்குப் பெரிய சந்தோஷம். பாட்டியாஜி பத்து நிமிடம் என்று சொல்லி டீக்குப் போகும்போதெல்லாம் வளையத்தைத் திருப்பி வைப்பேன். ஒரு நாளும் அவர் அந்த ஆழத்திலிருந்து நேரத்துக்கு மேலே வந்ததில்லை.

இரண்டாவது ஜூன் மாதம் கண்ணாடிக்குள் மூட்டம் போட்டது. என் முதுகுக்குப் பின்னால் டெசர்ட் கூலர், நாள் முழுக்க ஈரக்காற்று அடிக்கும். வாஷர் காய்ந்து வெடித்திருந்திருக்கிறது. வங்காள விரிகுடாவைத் தாங்கிய வாட்ச், அரசாங்கக் கூலரிடம் தோற்றது.

3. குர்மீத் சிங் டீ வாங்கித் தந்தார்

"என் ஆள் ஒருவர் இருக்கிறார்" என்று பாட்டியாஜி என்னைக் கரோல் பாக் அழைத்துப் போனார். சந்து முனையில் இரண்டு பேர் நிற்கக்கூடிய கடை. குர்மீத் சிங் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு குனிந்தார். நிமிரவில்லை. லென்ஸோடேயே டீக்குக் குரல் கொடுத்தார்.

பாட்டியாஜி என் காதருகே சொன்னார். "இருபது வருடமாக எனக்கு இவர் டீ வாங்கித் தந்ததில்லை."

பின்மூடியைத் திறந்து, பல்பின் அடியில் ஈரத்தை உலர்த்தி, வாஷர் மாற்றி மூடினார். பட்டையைக் கழற்றி, பட்டை மாட்டும் இடுக்கில் பொறித்திருந்த எண்ணைப் படித்து ரசீதில் எழுதினார். பிறகு கேட்டார்.

"பேட்டா, யே கஹான் சே ஆயா?" எங்கிருந்து வந்தது என்கிறார்.

"அப்பாவுடையது."

"விற்பாயா? இப்போதே ஒன்றரை லட்சம். ரொக்கமாக."

என் இரண்டு வருடச் சம்பளத்தைக் கூட்டினாலும் அவ்வளவு வராது. பாட்டியாஜி டீயை மேஜைமேல் வைத்தார்.

"பழசுக்கு ஏன் இவ்வளவு விலை?" என்று கேட்டேன். உண்மையாகவே அதைத்தான் தெரிந்துகொள்ள விரும்பினேன். அவர் சிரித்தார். "கடைக்காரனிடம் வந்து கடை ரகசியம் கேட்கிறாயே. விற்கிற அன்றைக்கு வா, சொல்கிறேன். அதுவரை லாக்கரில் வை."

"லாக்கரில் வைத்தால் நின்றுவிடுமே!"

குர்மீத் சிங் பாட்டியாஜியைப் பார்த்தார். "எங்கே பிடித்தீர்கள் இவனை?"

4. கேட்காத கேள்விக்குப் பதில்

மறுநாள் மதியத்துக்குள் இரண்டு மாடிக்கும் செய்தி பரவிவிட்டது. பாட்டியாஜிக்கு ரகசியம் என்றால் இரண்டு மாடி, சாதாரண விஷயம் என்றால் கேன்டீன்வரை. கட்டியே தீரவேண்டிய வாட்ச்சைக் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு கட்டிக்கொண்டிருந்தேன். லிஃப்டில் ஒருவர் சொன்னார். "எல்.டி.சி. கையில் லட்ச ரூபாய் வாட்ச்! எந்த சீட்டப்பா உன்னுடையது? நானும் மாற்றல் கேட்கிறேன்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் லஞ்சத்தில் வந்த வாட்ச் என்றுதான் அதற்கு அர்த்தம். என் ப்ரொபேஷன் அந்த மாதத்தோடு முடிகிறது. கன்பர்மேஷன் ஆர்டர் வந்தால்தான் வேலை நிரந்தரம். அந்த நேரத்தில் யாராவது ஒரு மொட்டைக் கடிதாசி போட்டால்? ரூல் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். ஊழியருக்கு ஒரு அளவுக்கு மேல் மதிப்புள்ள பொருள் பரிசாக வந்தால், உறவினர் கொடுத்ததானாலும், ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றிருந்தது. அன்றே இன்டிமேஷன் எழுதினேன். வாட்ச்சின் வர்ணனை, குர்மீத் ரசீதில் எழுதியிருந்த எண், அவர் சொன்ன விலை எல்லாம் சேர்த்து. சார் மேஜையில் வைத்தேன்.

வெங்கட்ராமன் சார் கும்பகோணத்துக்காரர். பிள்ளைகள் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாராவது கேட்டாளா?"

"இல்லை சார்."

"கேக்காத கேள்விக்கு எதுக்குடா பதில் எழுதறே? உன் கன்பர்மேஷன் ஃபைல் அட்மின்ல உக்காந்திண்டிருக்கு. அது பக்கத்துல இதையும் கொண்டுபோய் உக்கார வைக்கப்போறியா? ரெண்டும் பேச ஆரம்பிச்சுடும்."

"ரூல் அப்படித்தான் சார் சொல்லுது."

"ரூல் சொல்றது. ரூல் நெறைய சொல்றது" என்றார். ஆனாலும் ஃபார்வர்டு செய்தார்.

சார் சொன்னபடியே இரண்டு ஃபைலும் பேசிக்கொண்டன. அட்மின் அண்டர் செக்ரட்டரி மேடம் என் மனுவின் ஓரத்தில் பென்சிலால் மூன்று கேள்வி எழுதி அனுப்பினார். கொடுத்தவருக்கு அது எப்படிக் கிடைத்தது? இன்றைய மதிப்புக்கு வேல்யூவர் சர்ட்டிஃபிகேட் எங்கே? இவை தெளிவாகும்வரை கன்பர்மேஷனை நிறுத்தி வைக்கலாமா? மூன்றாவதற்குக் கீழே அவரே 'ஆம்' என்று எழுதியிருந்தார்.

5. வலம்புரி

ஜனக்புரியில் எஸ்.டி.டி. பூத்துக்குள் நின்றுகொண்டு ஊருக்குப் பேசினேன். பக்கத்து வீட்டு போனுக்கு அம்மா வந்தாள்.

"யம்மா, அப்பாக்கு அந்த வாட்ச் எப்படிக் கெடச்சுதுன்னு கேளு."

"அவியளுக்குத்தான் காது கேக்காதுல்லா. நானே சொல்லுதேன். சங்கக் குடுத்துட்டு வாங்கிட்டு வந்தாவ."

"எந்தச் சங்கு?"

"எந்தச் சங்கா? வலம்புரி! தெருவே சிரிச்சுதுய்யா. வலம்புரியக் குடுத்துட்டு வெள்ளக்காரங்கிட்ட மணி பாக்க வாங்கிட்டு வந்துட்டாருன்னு. ஏன்யா, அதுக்கு இப்ப என்ன? வேல போயிருமா? மாதாவே!"

சங்கு வழக்கமாக இடப்பக்கம் திறக்கும். லட்சத்தில் ஒன்று வலப்பக்கம் திறக்கும். அதுதான் வலம்புரி. அப்பா முங்கிய காலத்தில் சங்கு அரசாங்கத்துக்குச் சொந்தம். எடுத்ததையெல்லாம் கரையில் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். வலம்புரி என்றால் கேட்கவே வேண்டாம். அம்மா சொன்னது உண்மையானால், மேடத்தின் முதல் கேள்விக்கு நான் எழுத வேண்டிய பதில்: 'கொடுத்தவர் அரசாங்கச் சொத்தைக் கொடுத்து இதை வாங்கினார்.' பொய் எழுதினால் என் வேலைக்கு ஆபத்து, உண்மையை எழுதினால் அப்பாவின் பெயருக்கு.

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"வலம்புரியா? ஒங்கப்பா வலம்புரியைக் கையால எடுத்தாரா? எடுத்து, அதைக் குடுத்துட்டுக் கடியாரமா வாங்கினார்? லட்சுமியைக் குடுத்துட்டு..."

"க்யா ஹுவா?" என்றார் பாட்டியாஜி. நான் ஹிந்தியில் விளக்கினேன்.

"தக்ஷிணாவர்த்தி சங்க்!" என்று வலம்புரியின் ஹிந்திப் பெயரைச் சொல்லிக்கொண்டே அவரும் எழுந்துவிட்டார். "என் மாமனார் ஒன்று வாங்கி, போலி என்று தெரிந்து, ஆறு மாதம் யாரோடும் பேசவில்லை. அசல் ஒன்று கையில் இருந்ததா உங்கள் வீட்டில்?"

அன்று மதியம் செக்‌ஷனில் ஒரு தாளும் நகரவில்லை. வாட்ச்சைவிட வலம்புரி எத்தனை மடங்கு என்பதே பேச்சு. சார் ஐந்து மடங்கு என்றார். பாட்டியாஜி, பூஜை செய்த வலம்புரியானால் பத்து என்றார். மாட்டிக்கொண்டு நிற்கிறவன் நான் என்பதே இருவருக்கும் மறந்துவிட்டது. எனக்கும்தான், கொஞ்ச நேரம். ஒன்றரை லட்ச ரூபாய் வாட்ச்சைக் கையில் கட்டிக்கொண்டு, அது நஷ்ட வியாபாரம் என்று மூன்று பேரும் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தோம்.

சார்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "ஒங்கம்மா சொல்றது தெருவுல பேசிண்டது. ஒங்கப்பா வாயால கேட்டியா?"

6. அப்பா போனில் பேசினார்

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி பூத்துக்குப் போனேன். அப்பா போனையே தொடாத மனிதர். அன்று அம்மா காதில் கத்தியோ சைகை செய்தோ விஷயத்தைப் புரியவைத்து, ரிசீவரைக் கையில் கொடுத்துவிட்டாள். நான் பேசுவது அவருக்குக் கேட்காது. அதனால் என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. கடலில் படகுக்குப் படகு கூப்பிடும் குரலில் ஆரம்பித்தார். பூத்துக்காரர் வெளியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏலே ராயப்பா! கேக்குதா? கேட்டாலும் கேக்காட்டாலும் சொல்லுதேன். அந்த வெள்ளக்காரன் ஆர்பர் கட்டுத வேலைக்கு வந்தவன். இரும்புத் தொப்பி போட்டு முங்குத ஆளு. தொப்பி இல்லாம நாங்க எப்பிடி முங்குதோம்னு பாக்கதுக்கு எங்க வள்ளத்துல வந்தான். அன்னைக்குத்தான் எனக்கு வலம்புரி கெடச்சுது. பாத்த ஒடனே இந்த மணியக் கழத்தி நீட்டுனான். இத வச்சிக்க, அத எனக்குக் குடுங்கான். நான் குடுக்கல. சர்க்கார் சங்கு, நான் எப்பிடிக் குடுக்க? கரைக்கு வந்து ஆபீசர்ட்ட ஒப்படைச்சேன். அவங்க ஏதோ இனாம் குடுத்தாங்க. அந்த வெள்ளக்காரன் நின்னு பாத்துக்கிட்டே இருந்தான். ஊருக்குப் போற அன்னைக்கு வீட்டத் தேடி வந்து, மணிய எங் கையில கட்டிட்டுப் போயிட்டான். நீ குடுத்திருந்தா நான் இதக் கட்டிருக்க மாட்டேன்னு அவன் சொன்னத யாரோ தமிழ்ல சொல்லிக் காட்டுனாங்க. அவ்ளோதாம்ல. ஒங்கம்மா தெருப்பேச்சக் கேட்டுச் சொல்லிருப்பா. எழுதிக்குடு. ஆபீஸ்ல என்ன கேட்டாலும் உள்ளதச் சொல்லு. வச்சிரட்டா? எத அமுக்கணும்ளா?"

எதையும் அமுக்காமல் ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டார் போலிருக்கிறது. அம்மா அவர் காதில் கத்திச் சண்டை போடுவது கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. "முப்பது வருசமா இத ஏன் எங்கிட்டச் சொல்லல?" "நீ எங்க கேட்ட?"

திங்கட்கிழமை சாரிடம் சொன்னபோது அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "அப்பனுக்குத் தப்பாமப் பொறந்திருக்கே. அவர் கேக்கறதுக்கு முன்னாடி சங்கை ஒப்படைச்சார், நீ கேக்கறதுக்கு முன்னாடி வாட்ச்சை எழுதிக் குடுத்திருக்கே" என்றார். முதல் கேள்விக்கு அப்பா சொன்னதை அப்படியே எழுதி மேலே அனுப்பினோம். மேடம் ஒரு டிக் போட்டார்.

மீதி இருந்தது வேல்யூவர் சர்ட்டிஃபிகேட். அடுத்த திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தின சனிக்கிழமைதான் நானும் சாரும் கரோல் பாக் போனது.

7. புத்தம் புதிது

மாலையில் பம்மி வாட்ச்சை வெல்வெட் துணியில் வைத்து நீட்டினான். டயலுக்குப் புதுப் பெயின்ட். டீ நிறப் புள்ளிகள் போய், பச்சை வெளிச்சம் அடிக்கும் புதுப் புள்ளிகள். புது முள், புதுக் கண்ணாடி. சாம்பல் வளையம் மையிட்டதுபோல் கன்னங்கறேல் என்று இருந்தது. பாடியில் முகம் தெரிந்தது. சார் அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

"வாஹ்! இப்ப ரெண்டு லட்சம் தாராளமாப் போடுவான்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

திங்கட்கிழமை வேல்யூவர் ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. சர்ட்டிஃபிகேட் தட்டச்சாகி வந்தது. 'டயல், முட்கள், வளையம், பாடி எல்லாம் மறுபூச்சு. சேகரிப்பு மதிப்பு இல்லை. உபயோக மதிப்பு ரூபாய் ஆறாயிரம்.'

படித்துவிட்டு நேராகக் கரோல் பாக் ஓடினேன். குர்மீத் சிங் லூதியானாவிலிருந்து வந்து கடையில் இருந்தார். கையை நீட்டிக் காட்டினேன். லென்ஸைக்கூட எடுக்கவில்லை.

"யே கிஸ்னே கியா?" இதை யார் செய்தது என்று கேட்டார்.

பம்மி ஸ்டூலிலிருந்து மெதுவாக இறங்கினான்.

"ஓயே கோத்தே!" என்று தம்பியைக் கழுதையாக்கி, குர்மீத் சிங் கையில் கிடைத்த காலண்டரைச் சுருட்டி எறிந்தார். அவன் சந்தில் பாதி தூரம் போய் நின்று, "கஸ்டமர் சொன்னதைத்தான் செய்தேன் பாயிஜி!" என்று கத்தினான். "அந்த அங்கிள்ஜிதான் அழுக்கு என்றார்!"

குர்மீத் சிங் எனக்கு மறுபடி டீ சொன்னார். "தப்பு என்னுடையது. அன்று நீ கேட்டபோது சொல்லியிருக்க வேண்டும். விலையை ஏற்றிவிடுவாய் என்று பயந்தேன்."

"இப்போதாவது சொல்லுங்கள். ஏன் ஒன்றரை லட்சம்?"

"புது டயல் எவனும் பூசலாம். இந்த மாதிரி வாட்ச் பழையதாகவும் கிடைக்கும். ஆனால் எல்லாவற்றையும் எவனாவது ஒரு பம்மி புதிதாக்கியிருப்பான். உன்னுடையதை யாரும் திருத்தவே இல்லை. அந்த வளையம் இருந்ததே, அந்தச் சாம்பல் நிறம்? அது எந்த டப்பாவிலும் கிடையாது. வெயிலும் உப்பும் வருடக்கணக்கில் வேலை செய்தால்தான் வரும். வாங்குகிறவன் அந்த வேலைக்குத்தான் பணம் கொடுக்கிறான்."

நான் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது யாருடைய வெயில், யாருடைய உப்பு என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாமல், அப்பா கடலுக்குப் போன ஒவ்வொரு நாளும் அந்த வளையத்தில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. அதை நான் ஒரு சனிக்கிழமை மதியத்தில், ஃபைலில் அழகாக இருக்கட்டும் என்று, துடைத்துவிட்டேன்.

8. மேடம் லென்ஸில் பார்த்தார்

விஷயம் அதோடு முடியவில்லை. சர்ட்டிஃபிகேட் மேலே போனதும் மேடம் என்னையும் சாரையும் கூப்பிட்டார். ஒரு கையில் என் மனு: பழைய வாட்ச், வெளுத்த வளையம், ஒன்றரை லட்சம். இன்னொரு கையில் சர்ட்டிஃபிகேட்: பளபளப்பு, ஆறாயிரம். எதிரே என் மணிக்கட்டில் ஒரு புது வாட்ச்.

"அசல் எங்கே?" என்றார் ஆங்கிலத்தில்.

"இதுதான் மேடம்" என்று கையை நீட்டினேன். அசலை விற்றுவிட்டு நகலை நீட்டுகிறேன் என்று நினைக்கிறார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். சார் குறுக்கே வந்தார்.

"மேடம், பாலிஷ் போடச் சொன்னது நான். ஃபைலோடு மேலே வரும் பொருள் என்று..."

"வாட்ச்சுக்குமா?"

"பழக்கம், மேடம்."

மேடத்துக்குச் சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை. "நிரூபியுங்கள்" என்றார்.

மறுநாள் குர்மீத் சிங் கேட் பாஸ் வாங்கிக்கொண்டு அமைச்சகத்துக்கே வந்தார். வாசல் காவலர் அவருடைய கருவிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஸ்குரூ டிரைவராக எடுத்துப் பார்த்ததில் கால் மணி நேரம் போயிற்று. மேடத்தின் மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, பட்டையைக் கழற்றினார். பட்டை மாட்டும் இடுக்குக்குள் பாலிஷ் சக்கரம் நுழையாது. அங்கே மட்டும் பழைய உலோகம், அப்பா காலத்து அழுக்கோடு, அப்படியே இருந்தது. நடுவில் எண்.

"ஜி, நீங்களே படியுங்கள்" என்று லென்ஸை நீட்டினார்.

மேடம் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு என் மனுவில் இருந்த எண்ணை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். எண் முடிந்த பிறகும் நிமிரவில்லை. வாட்ச்சைத் திருப்பிப் பார்த்தார். வளையத்தை ஒரு சுற்றுத் திருகினார். அது கடகடவென்று சத்தம் போட, இன்னொரு சுற்றுத் திருகினார்.

"இது எதற்கு?"

நான் சொன்னேன். தண்ணீருக்குள் எத்தனை நிமிடம் இருக்கிறோம் என்று பார்க்க.

"உங்கள் அப்பா இதைப் பார்த்துத்தான் மேலே வருவாரா?"

"இல்லை மேடம். மூச்சு முடிந்தால் வருவார்."

அவர் லென்ஸை எடுத்துவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு ஃபைலை இழுத்து எழுதினார். 'அதே வாட்ச். மதிப்பு விதி கூறும் அளவுக்குக் கீழ். எனவே இன்டிமேஷன் தேவையில்லை. ஃபைல் செய்யவும். கன்பர்மேஷன் கேஸை உடனே அனுப்பவும்.'

வராந்தாவில் சார் பெருமூச்சு விட்டார். "இதைத்தானே முதல் நாளே நான் சொன்னேன், தேவையில்லைன்னு. அதுக்கு ஒரு ஃபைல், ஒரு வேல்யூவர், ஒரு சர்தார்ஜி."

9. மறுபடி வரும்

கன்பர்மேஷன் ஆர்டர் வந்த அன்று ஊருக்கு போன் செய்தேன். அந்த நிறம் போய்விட்டதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்துவைத்த வாக்கியங்களை அம்மாவிடம் சொன்னேன். அவள் அவர் காதில் கத்தினாள். அவர் சொன்னதைத் திருப்பி எனக்குச் சொன்னாள்.

"ஓடுதான்னு கேக்காவ."

"ஓடுது."

"பொறவு என்னங்காவ. வெயில்ல போட்டா கறுப்பு போவும், போட்டுக்கிட்டே இருந்தா அந்தக் கலர் மறுபடி வருமாம். அது என்ன வலம்புரியா, ஒண்ணுதான் இருக்கதுக்குங்காவ."

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. இன்னொரு பரீட்சை எழுதி, நான் இப்போது அசிஸ்டென்ட். பாட்டியாஜியின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போதும் எதையும் கேட்கும் முன்னே எழுதிக் கொடுக்கிறவன்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் சொல்வது வேறு. தாளுக்குத்தான் ஃபேர் காப்பி. பொருளை, மனிதர் சொன்ன வார்த்தையை, வந்தபடியே மேலே அனுப்புங்கள். அழுக்கு என்று நமக்குத் தோன்றுவது அதன் விலையாக இருக்கலாம்.

வாட்ச் தினமும் என் கையில்தான். இரண்டு வெயில் காலத்துக்குப் பிறகு ஒரு நாள் பார்த்தேன். வளையத்தில் பஸ் ஜன்னல் பக்கம் இருக்கும் பாதி லேசாக வெளுக்க ஆரம்பித்திருக்கிறது. குர்மீத் சிங்கிடம் காட்டினேன். லென்ஸ் போட்டுப் பார்த்தார். "இன்னும் முப்பது வருடம் இதே பஸ்ஸில் வா, விலை பேசலாம்" என்றார்.

கணக்கு முடித்துவிடுகிறேன். டயல் பெயின்ட், முள், கண்ணாடி, வளையத்துக்குக் கறுப்பு, பாலிஷ் எல்லாம் சேர்த்துப் பம்மி வாங்கிய கூலி முந்நூற்றைம்பது ரூபாய். சார் பாதி தர வந்தார், நான் வாங்கவில்லை. குர்மீத் சிங் கணக்குப்படி அந்த முந்நூற்றைம்பது ரூபாய் வேலை எங்களுக்கு வைத்த செலவு, ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம்.